கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுதல்

காந்தி ரோட்டில் எங்கள் கடைக்கு
மூன்று மொழியில் போர்டு.
மேலே தமிழ், நடுவில் ஆங்கிலம், கீழே வங்காளம்.
எழுதிய பெயிண்டர் கொணவட்டத்துக்காரர்,
போனில் படம் பார்த்து வரைந்தார்.
சரியா தப்பா என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள்
முதல் வாரம் ஓட்டல் சாம்பாரைத் தாங்கிக்கொள்வார்கள்.
இரண்டாம் வாரம் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.
மூன்றாம் வாரம் என்னிடம் வருவார்கள்,
கரண்ட் அடுப்புக்கு.

எனக்குத் தெரிந்த வங்காளம் நாலு சொல்.
கொத்தொ என்றால் எவ்வளவு.
கொம் என்றால் கம்மி.
தாதா, அண்ணன்.
ஷேஷ் என்றால் கடைசி. கடைசி விலை.
மிச்சத்தைக் கால்குலேட்டர் பேசும்.

இரண்டாயிரத்து நானூறு அடித்துத் திருப்பினேன்.
அழித்துவிட்டு ஆயிரம் அடித்தாள்.
சிரித்தேன்.
ஆரணிக்காரர் டிவியைப் பாதி விலைக்குக் கேட்டாலும்,
கணியம்பாடி கல்யாண வீட்டார் ஃப்ரிட்ஜோடு
ஸ்டெபிலைசர், மிக்ஸி, ஒரு சுவர்க்கடிகாரம் என்று
தாம்பூலம் கேட்பதுபோல் கேட்டாலும்
முதலில் இந்தச் சிரிப்புதான்.
முதலாளி சம்பத்லால் சொல்லிக்கொடுத்தது.

அட்டைப்பெட்டியின் அடியில்
பென்சிலில் மூன்றெழுத்து இருக்கும்.
அடக்க விலை. எங்களுக்கு மட்டும் படிக்க வரும்.
அவள் பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தாள்,
பிறகு என் முகத்தை.
அதைப் படித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாயிரம். ஆயிரத்து நூறு. ஆயிரத்து எண்ணூறு.
புருஷன் ஸ்டூலில், ஃபேனுக்கு நேராக,
புறங்கையில் பிளாஸ்திரி.
அவளுக்குத் தெரியாமல் எனக்குக் கையைக் காட்டினார்:
கொடுத்துவிடப்பா, இவள் விடமாட்டாள்.

கட்டுப்படியாகாது என்றேன். கிளம்பினாள்.
டீக்கடை வரை போனாள்.
திரும்பி வருகிற முதுகு எது என்று
எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும்.
ஆயிரத்து நானூற்றைம்பது, ஒரு வாணலி இலவசம்.
ஷேஷ்? என்றேன்.
ஷேஷ், என்றாள்.
பில்லில் எழுதினேன்:
ஷெஃபாலி மண்டல், அறை 14.

அக்னி நட்சத்திரம் முடிகிற வாரம்.
கோட்டைக்கு எதிரே மலைப்பாறை ராத்திரியிலும் சுடும்.
அடுப்போடு வந்தாள், தனியாக.
துடைத்து, அதே பெட்டியில்,
தெர்மோகோல்கூட உடையவில்லை.
வழக்கம்தான் இது. ஊருக்குப் போகிறவர்கள் விற்பார்கள்,
பாதிக்கும் கீழே எடுத்து
அடுத்த ரயிலில் வருகிறவர்களுக்கு விற்போம்.

தாதா? என்றேன், ஸ்டூலைக் காட்டி.
ஷேஷ், என்றாள்.

கால்குலேட்டரைப் பார்த்தேன்.
அவள் எதையும் அடித்திருக்கவில்லை.

நானூறு அடித்துத் திருப்பினேன்.
தலையாட்டினாள்.
பதினோரு வருஷத்தில் என் முதல் விலைக்கு
யாரும் தலையாட்டியதில்லை.
கூசியது. அழித்து அறுநூறு அடித்தேன்.
தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ,
அழித்து, ஒவ்வொரு எண்ணாக
நானூறு அடித்து என் பக்கம் திருப்பினாள்.
எழுநூறு, என்றேன், தமிழில், கொஞ்சம் சத்தமாகவே.
ஐநூறு அடித்தாள்.
ஒற்றைப் புருவம் மட்டும் அன்றைக்குப் போல மேலே ஏறியிருந்தது.

நல்லவேளை முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

ஐநூற்றைம்பதில் நின்றோம்.
வாணலியை அவள் கொண்டுவரவில்லை,
நானும் கேட்கவில்லை.
காட்பாடியிலிருந்து ராத்திரி வண்டி என்று
டிக்கெட்டைக் காட்டினாள், எதற்கோ.

புது விலை குறிக்கப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
என் மூன்றெழுத்துக்குக் கீழே
கொடியில் துணி காயப்போட்ட மாதிரி
நாலு வரி வங்காளம், பென்சிலில்.
மாத்திரை நேரமா, மீன் கணக்கா,
எனக்குப் படிக்க வராது.
ரப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
பக்கத்தில் இடமிருந்தது,
அங்கே எழுதி ஷெல்ஃபில் ஏற்றினேன்.